பின்னறைச் சொக்கட்

ஆளில்லாத அறையிலிருந்து மூத்திர மணம் வந்தது.

மதனி அடுத்த நாள் கந்தோர் வேலைக்குக் கட்டவேண்டிய சேலையை அயன் பண்ணிக்கொண்டிருந்தாள். பொழுது சாயும் நேரம். குண்டசாலைப் பக்கம் பின்னேரங்களில் இறங்கும் மெல்லிய மழை யன்னல் கம்பிகளை நனைத்துக்கொண்டிருந்தது. அயன் பெட்டியின் வெப்பமும் ஈரத்துணியின் ஆவியும் சேர்ந்து எழுந்த வாசனைக்கு அடியில், முதலில் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகிக்கும் அளவுக்கு மெல்லியதாக, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தடித்து, பழைய மீனும் காய்ந்த மூத்திரமும் கலந்தது போன்ற அந்த மணம் வந்து மூக்கில் ஒட்டிக்கொண்டது. அவளுக்குக் கை நின்றுவிட்டது.

மாமா செத்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து, யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த சனமெல்லாம் திரும்பிப் போயிருந்தார்கள். பின்னறையில் அவர் படுத்த மெத்தையை எரித்தாயிற்று. தரையை டெட்டோல் போட்டுத் தேய்த்துக் கழுவி, சாம்பிராணி காட்டி, யன்னல்களை இரவும் பகலும் திறந்து விட்டிருந்தாள். வெறுங்கட்டிலும் ஒரு அலுமாரியும் தவிர அங்கே ஒன்றுமில்லை.

ஆனாலும் அதே மணம்.

மாமா என்றால் பரமநாதன். மதனியின் புருசன் தர்சனின் தகப்பன். கடுகண்ணாவையில் ஸ்டேசன் மாஸ்டராக இருந்து ஓய்வுபெற்றவர். மாமி செத்துப்போன பிறகு தர்சன் அவரைத் தங்களோடு கூட்டிவந்து வைத்திருந்தான். தர்சனுக்குக் கொழும்பில் வேலை. வெள்ளிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை போய்விடுவான். மற்ற நாட்களில் வீட்டில் மாமாவும் மருமகளும்தான். அதிகம் பேசாத மனிதர். சாப்பிட்ட கோப்பையைத் தானே கழுவிக் கவிழ்த்து வைப்பார். மதனி கந்தோரால் வர நேரமானால் விறாந்தை லைற்றைப் போட்டுவிட்டுக் கதிரையில் காத்திருப்பார்.

மணம் முதலில் வந்தபோது அவள் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது முறையும் பொறுத்தாள். பிறகு ஒரு நாள், அவர் முகத்தைப் பார்க்காமல், கட்டில் விரிப்பை உருவிக்கொண்டே கேட்டாள்.

"மாமா, இரவிலை எழும்பிப் போக ஏலாமல் கிடக்கோ?"

அவருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது காது மடல் சிவந்தது.

"நான் இல்லைப் பிள்ளை" என்றார்.

மெத்தை காய்ந்துதான் இருந்தது. அவர் எப்படியோ காய வைத்துவிட்டார் என்று நினைத்தாள். மெத்தைக்கு மேல் ரப்பர் சீற் விரித்தாள். அதைக் கழுவி, பக்கத்து வீட்டுக்குத் தெரியும்படி கொடியில் போட்டாள். அதற்குப் பிறகு அவர் விடியமுன் எழும்பித் தான் உடுக்கும் சாரத்தைத் தானே தோய்க்கத் தொடங்கினார். தோய்த்த சாரத்தை அவள் கண்ணில் படும் இடமாகப் பார்த்துக் காயப் போடுவார். பகலெல்லாம் அறைக்குள் போகாமல், தூவானம் அடித்தாலும் விறாந்தையிலேயே இருப்பார். அப்படியும் பின்னேரங்களில் மணம் வந்தது.

அனுஷியா மிஸ் வந்த நாளை மதனி இன்றைக்கும் நினைக்க விரும்புவதில்லை. மதனியின் கந்தோரில் அவளுக்கு மேலதிகாரி. மகளின் கலியாணத்துக்குச் சொல்ல, புருசனோடு வந்திருந்தா. அவர்கள் வருகிறார்கள் என்று தெரிந்து மதனி அவசரமாக நல்ல சேலை ஒன்றை அயன் பண்ணிக் கட்டிக்கொண்டு நின்றாள். முன் ஹோலில் இருந்து கதைத்துக்கொண்டிருக்கும்போது மணம் வந்தது. அனுஷியா மிஸ் வியர்வை துடைப்பவ போல லேஞ்சியை மூக்கடிக்குக் கொண்டுபோனா. மதனிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தான் ஊத்தை வீட்டுக்காரி இல்லை என்று எப்படியாவது சொல்லிவிட வேண்டும் போலிருந்தது.

"குறை நினைக்காதேங்கோ மிஸ். மாமாவுக்கு இப்ப அடக்க ஏலாது."

மாமா அங்கேதான், எதிர்க்கதிரையில், கையில் தேத்தண்ணிக் கோப்பையோடு இருந்தார்.

"ஐயோ, பரவாயில்லீங்க மதனி. வயசானவங்க இருக்கிற வீடுன்னா அப்படித்தான்" என்றா அனுஷியா மிஸ்.

மாமா கோப்பையை மேசையில் வைத்தார். சத்தம் வராமல் வைத்தார். அந்தத் தேத்தண்ணியை அவர் குடிக்கவில்லை.

அன்றிரவு மதனி அவருடைய கட்டிலடியில் இருந்த தண்ணிப் போத்தலை எடுத்துவந்தாள். "படுக்கப் போகேக்கை தண்ணி வேண்டாம் மாமா" என்று மெதுவாகத்தான் சொன்னாள். அவர் "சரி பிள்ளை" என்றார். ஆனால் அவர் இரவில் மட்டும் நிறுத்தவில்லை. காலையில் விறாந்தையில் நிரப்பி வைத்துவிட்டுப் போகும் போத்தல் பின்னேரம் அப்படியே நிரம்பிக் கிடந்தது. அதை அவள் கண்டாள். கண்டும், பழைய தண்ணியைப் பூங்கன்றுக்கு ஊற்றிவிட்டுப் புதுத்தண்ணி நிரப்பி வைத்தாள். ஏன் குடிக்கவில்லை என்று கேட்கவில்லை. மணம் நின்றால் போதும் என்று இருந்தது அவளுக்கு.

கொஞ்ச நாளில் அவர் பேசும்போது ஒரு சத்தம் வரத் தொடங்கியது. காய்ந்த நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிப் பிரியும் சத்தம். ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால், ட்சக். "ட்சக்... பிள்ளை வந்திட்டியோ." பிறகு வெயில் காய்ந்த ஒரு கிழமையில் குளியலறை வாசலில் விழுந்தார்.

ஆஸ்பத்திரியில் டொக்டர், இவர் தண்ணியே குடிப்பதில்லையா என்று கேட்டார். தர்சன்தான் பதில் சொன்னான். "வீட்டிலை ஒரு குறையும் இல்லை டொக்டர். இவ நல்லாப் பாக்கிறவ." மதனி நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கடைசி நாட்களில் கரண்டியால்தான் தண்ணி பருக்க விட்டார்கள். அவள் பருக்கினாள். ஒரு கரண்டிக்கும் அடுத்த கரண்டிக்கும் இடையில் அவர் உதடுகள் தாமாகத் திறந்து மூடின. ட்சக். ட்சக். கண் மட்டும் அவளைப் பார்க்காமல் சுவரையே பார்த்திருந்தது.

செத்த வீட்டில் தர்சன் எல்லோருக்கும் சொன்னான், "அப்பாவை மகள் மாதிரிப் பாத்தவ" என்று. அவள் தலை குனிந்திருந்ததைத் துக்கம் என்று சனம் எடுத்துக்கொண்டது.

இப்போது, அவர் இல்லாத வீட்டில், அதே மணம்.

மதனி அயன் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுப் பின்னறைக்குப் போனாள். கட்டிலைச் சுற்றி முகர்ந்தாள். அலுமாரிக்குள் முகர்ந்தாள். குனிந்து, நாயைப் போல, சுவரோரமாக முகர்ந்துகொண்டே போனவள் கட்டிலின் தலைமாட்டில் நின்றாள். அங்கே, முந்தின வீட்டுக்காரர் காலத்து, பிளக் குத்தும் பழைய சொக்கட் ஒன்று சுவரில் இருந்தது. யாரும் எதையும் குத்தாத சொக்கட். அதன் முகம் நடுவில் மண்ணிறமாகி, ஓரம் கொஞ்சம் பொங்கியிருந்தது. மணம் அதற்குள்ளிருந்து வந்தது. விரலால் தொட்டாள். காய்ச்சல்காரனின் நெற்றி போலச் சுட்டது.

அவள் தன் அறைக்கு ஓடிப்போய் அயனை நிற்பாட்டினாள். அந்தச் சுவரின் மறுபக்கம்தான் அவளுடைய அறை. திரும்பி வந்து காத்து நின்றாள். சூடு மெல்ல இறங்கியது. மணமும் இறங்கியது. மீண்டும் போய் அயனைப் போட்டாள். வந்து தொட்டாள். சூடு ஏறிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. அவள் சேலை அயன் பண்ணிய ஒவ்வொரு பின்னேரமும். அனுஷியா மிஸ் வந்த அன்றைக்கு, அந்த நல்ல சேலைக்காக.

வெறுங்கட்டிலின் பலகையில் அப்படியே இருந்துவிட்டாள். அழுகை வரவில்லை. யாரோ தன்னை உடுப்பில்லாமல் தெருவில் நிறுத்திவிட்டது போல இருந்தது. யாருமே பார்க்காத தெரு. அது இன்னும் மோசமாக இருந்தது.

மறுநாள் லீவு போட்டுவிட்டு, பக்கத்து வீட்டுக்கு வயரிங் செய்த அர்கமைக் கூப்பிட்டாள். அவன் மெயின் சுவிட்சை நிற்பாட்டி, டெஸ்டரால் தொட்டுப் பார்த்து, அந்தப் பழைய சொக்கட்டைக் கழற்றினான். பின்புறம் கருகியிருந்தது. வயரின் தோல் உருகிப் பித்தளையில் ஒட்டியிருந்தது.

"இது பாருங்க மிஸ். ஒங்கட ரூம் பொயின்டுக்கு கரண்ட் இதுக்குள்ளாலதான் போகுது. இதுல ஸ்குரூ லூஸ். நீங்க அங்க அயன் போட்டா, இங்க ஒன்டும் குத்தாட்டியும் சூடாகும்."

"ஓம்" என்றாள்.

"மணமொன்டும் வரல்லையா? இது எரிஞ்சா ஒரு மாதிரி மணம் வருமே."

"இல்லை" என்றாள் மதனி. "ஒரு மணமும் வரேல்லை."

அர்கம் அவளுடைய அறைக்கு வேறு பக்கத்தால் புது வயர் இழுத்தான். பின்னறைச் சுவருக்குள் இருந்த பழைய வயரை முழுதாக உருவி எடுத்துச் சுருட்டினான். சுவரில் ஓட்டை தெரியாமல் இருக்க, வெள்ளை நிறத்தில் புதுச் சொக்கட் ஒன்றை அந்த இடத்தில் பூட்டினான்.

"இது சும்மா மூடி மாதிரி. பொறத்தால வயரே இல்ல. வேணும்டா பிறகு கனெக்சன் எடுப்பம்." சொக்கட்டின் துளையைக் காட்டினான். "உள்ளுக்கு சின்னக் கதவு ஈக்குது, பாருங்க. பிளக்கக் குத்தினாத்தான் தொறக்கும். மத்த ரூமுகள்ல ஈக்கிறதும் இதே ஜாதிதான். பயமில்ல."

பின்னேரம் தர்சன் போன் எடுத்தான். சொக்கட் கருகிப் போனதைச் சொன்னாள்.

"ஐயோ, நல்ல காலம். மணம் கிணம் வந்ததே உமக்கு?"

"பிளாஸ்டிக் மணம் மாதிரிக் கொஞ்சம்."

"அப்பா அதுக்குப் பக்கத்திலை தானே படுத்தவர். அவர் ஒண்டும் சொல்லேல்லையோ?"

"இல்லை" என்றாள்.

போனை வைத்தபோதுதான் முதன்முதலாக அந்தச் சத்தம் கேட்டது.

ட்சக்.

பல்லி என்று நினைத்தாள். மழைக்காலத்தில் குண்டசாலை வீடுகளில் பல்லிக்குக் குறைவில்லை. வெளியே கறிவேப்பிலை மரத்தில் மழை ஒரே சீராக இரைந்தது. தெருவில் ஒரு முச்சக்கர வண்டி சேற்றைக் கிழித்துக்கொண்டு போனது. குசினியில் பிரிட்ஜ் தன்பாட்டில் முனகியது. இந்தச் சத்தங்களுக்கெல்லாம் நடுவில், எதனோடும் சேராமல், ஈரமில்லாத, சிறிய, பொறுமையான ஒரு சத்தம் விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் ரீவியைப் போட்டாள். சத்தத்தைக் கூட்டினாள். பிறகு, அது நின்றுவிட்டதா என்று பார்க்க, ரீவியை நிற்பாட்டினாள்.

ட்சக். ட்சக்.

பின்னறை வாசலில் போய் நின்றாள். யன்னலால் வந்த கடைசி வெளிச்சத்தில் வெறுங்கட்டில் தெரிந்தது. தலைமாட்டில், சாம்பல் சுவரில், புதுச் சொக்கட் வெள்ளையாகத் தெரிந்தது. சத்தம் அங்கிருந்து வந்தது.

அர்கம் எதையோ சரியாகப் பூட்டவில்லை என்று தனக்குத்தானே சொன்னாள். நடைபாதைக்குப் போய், கதிரையில் ஏறி, மெயின் சுவிட்சைக் கீழே இழுத்தாள். வீடு இருண்டது. பிரிட்ஜ் ஒரு நடுக்கத்தோடு அடங்கியது. எல்லாச் சத்தமும் ஒழிந்த பிறகு அது மட்டும் இன்னும் தெளிவாக, இன்னும் பக்கத்தில், கேட்டது.

வயரே இல்லை என்றானே.

போன் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு கட்டிலருகே போனாள். மணம் இல்லை. அதுதான் அவளை இன்னும் பயப்படுத்தியது. சுத்தமான டெட்டோல் வாசனையும் மழையின் குளிரும்தான் இருந்தன. வெளிச்சத்தைச் சொக்கட்டின் மேல் பிடித்தாள். மூன்று துளைகள். துளைகளுக்குள் அந்தச் சின்னப் பிளாஸ்டிக் கதவுகள்.

திறந்தன. மூடின.

ட்சக்.

மீண்டும் திறந்தன. உதடுகள் போல. கரண்டி வராதா என்று காத்திருந்த உதடுகள் போல.

ஓடிப்போயிருக்கலாம். வாசல் பக்கத்தில்தான். பக்கத்து வீட்டில் ஆட்கள் இருந்தார்கள். ஆனால் போய் என்ன சொல்வாள்? எதைச் சொன்னாலும் மற்றதையும் சொல்ல வேண்டிவரும். பயத்தைவிட அந்த வெட்கம் பெரிதாக இருந்தது. அது அவள் காலைப் பிடித்து வைத்தது. பிறகு குசினிக்கு நடத்திப் போனது.

ஒரு செம்பில் தண்ணியும், ஒரு சில்வர் கரண்டியும்.

திரும்பி வந்து கட்டிலடியில் முழங்காலில் இருந்தாள். கரண்டியில் தண்ணியை அள்ளித் துளையருகே கொண்டுபோனாள்.

"குடியுங்கோ மாமா."

கதவுகள் திறந்தன. தண்ணி உள்ளே போனது. சுவரில் ஒரு சொட்டும் வழியவில்லை. உள்ளே, ஆழத்தில், விழுங்கும் சத்தம் கேட்டது.

இன்னொரு கரண்டி. இன்னொன்று. சுவர் தன்பாட்டில் குடித்தது. அவள் பருக்கப் பருக்க, இவ்வளவு நாளும் வராத அழுகை வந்தது. "நான்தான் மாமா. நான்தான். என்ரை அயன்தான்." ஒருவருக்கும் சொல்லாததைச் சுவருக்குச் சொன்னாள். செம்பு காலியாகும்வரை சொன்னாள்.

சத்தம் நின்றது.

மழைகூட நின்றுவிட்டது போலிருந்தது. மதனி மூச்சை விட்டாள். கரண்டியை எடுக்கப் பார்த்தாள்.

வரவில்லை.

உள்ளேயிருந்து பிடித்திருந்தது. பல்லால் கடித்துப் பிடிப்பது போல. அவள் இழுத்தாள். அது இழுத்தது. கரண்டியின் தலை அந்தத் துளைக்குள் போகாது. சின்னத் துளை. போகவே முடியாது.

போனது.

அவள் கையை விட்டாள். கரண்டியின் பிடி மெல்ல, மெல்ல உள்ளே சரிந்து, மறைந்தது. கதவுகள் மூடிக்கொண்டன.

எழும்பிப் பின்னுக்கு நடந்தாள். கட்டிலில் இடித்தாள். வாசலைத் தாண்டினாள். ஹோலுக்கு வந்தாள். இருட்டு. கையில் பிடித்த போன் வெளிச்சம் சுவரெல்லாம் ஆடியது.

ட்சக்.

ஹோலில். ரீவிக்குப் பக்கத்தில்.

ட்சக். குசினியில்.

ட்சக். அவளுடைய அறையில். அவளுடைய தலைமாட்டில்.

எல்லாச் சொக்கட்டும். ஒன்றுக்குப் பின் ஒன்றாக. முன்னையதைவிட வேகமாக. ஒரு செம்புத் தண்ணி தாகத்தைத் தீர்க்கவில்லை. எழுப்பிவிட்டிருந்தது.

அவள் வாசலைப் பார்த்து ஓட எடுத்த அடி நின்றது. நடைபாதையில், யாருமில்லாத இடத்தில், மெயின் சுவிட்ச் "டக்" என்று மேலே ஏறியது.

பிரிட்ஜ் முனகியது. லைற்றுகள் எரிந்தன. ஒவ்வொரு சொக்கட்டிலும் சுவிட்சுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னச் சிவப்பு வெளிச்சம் வந்தது. ஹோலில் ஒன்று. திறந்த கதவால் தெரியும் குசினியில் ஒன்று. அவள் அறையில் ஒன்று. ஒவ்வொரு சிவப்புக்கும் கீழே மூன்று துளைகள், முழுதாகத் திறந்தபடி. கரண்ட் ஓடும் துளைகள்.

மதனி அசையவில்லை. கால்களுக்குக் கீழே சீமெந்துத் தரை எப்படியோ ஈரமாகியிருந்தது. செம்பு இன்னும் அவள் கையில் இருந்தது. எப்போது நிரப்பினாள் என்று தெரியவில்லை. அது விளிம்புவரை நிரம்பியிருந்தது.

ஹோல் சொக்கட்டின் நடுத்துளையிலிருந்து ஏதோ மின்னியது. மெல்ல வெளியே வந்தது. ஈரமாக. சில்வர் கரண்டி. பிடி முதலில், அவள் கைக்கு வசதியாக, அவள் பக்கமாக நீண்டு, அப்படியே நின்றது.